நாலாவது பேரு

அந்த வீட்டைக் கட்டினது யாருன்னுதானே கேக்கீய? நான்தான். எழுதிக்கிடுங்க. பேரு பிரமு, வீட்டுக்காரர் பேரு ஆவுடையப்பன், வயசு அம்பத்திரெண்டு, தொழிலு பீடி சுத்துதது. மேலப்பொட்டல் ஊராட்சி ஏழாவது வார்டு முன்னாள் மெம்பர். அதையும் எழுதணும். அந்த ஊராட்சியே இப்ப இல்லங்கீயளா? இல்லாட்டாப் போகுது. நான் மெம்பரா இருந்தது இல்லன்னு ஆயிருமா?

மொதல்ல உக்காருங்க மேடம். வெயில்ல வந்திருக்கீய. இதுக்கு முன்ன உங்க நகராட்சியில இருந்து வந்தவரு நின்னுக்கிட்டே பேசினாரு, பேசி முடிச்சு நோட்டீஸைச் செவத்துல ஒட்டிட்டுப் போயிட்டாரு. நீங்களாவது விசாரிக்கணும்னு வந்திருக்கீய. விசாரிக்கதுன்னா முழுசாக் கேக்கணும்லா. நான் பீடி சுத்திக்கிட்டேதான் சொல்லுவேன், தப்பா நினைக்காதீய. சாயங்காலத்துக்குள்ள கடைக்குக் கொண்டு போகணும்.

நோட்டீஸ்ல ரெண்டு குத்தம் போட்டிருக்கு. பிளான் அனுமதி இல்லாம வீடு கட்டினது ஒண்ணு. அரசாங்கக் கட்டடத்துல கதவு ஜன்னலைக் கழட்டினது ரெண்டு. ரெண்டும் நடந்ததுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். எதுக்கு நடந்துதுன்னு எழுத அந்தக் காகிதத்துல எடம் விடலை, அவ்வளவுதான்.

அந்த வீட்டுல இருக்கவ வள்ளிமயில். எனக்குச் சொந்தம் கிடையாது, எதிர்த்த வீடு. கலியாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த வருஷந்தான் அவளும் வந்தா. ஒரே கடைக்குப் பீடி கொண்டு போவோம், ஒரே பைப்புல தண்ணி பிடிப்போம். என்னை அண்ணி முறை வச்சு மைனின்னு கூப்பிடுவா. அவ புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குன்னு போனவன், அங்கனயே ஒருத்தியோட தங்கிட்டான். பிள்ளை குட்டி இல்ல. பத்து வருஷத்துக்கு முன்ன நாத்து நடுவைக்குப் போன வேன் கவுந்து இடது காலு முட்டுக்குக் கீழ நொறுங்கிப்போச்சு. கம்பு ஊனித்தான் நடப்பா. ஆனா பீடியில அவ கையை முந்த ஆளு கிடையாது. நான் ஆயிரம் சுத்துத நேரத்துல அவ ஆயிரத்து எரநூறு சுத்தி, கட்டும் கட்டி வச்சிருவா. உள்ளதைச் சொல்லுததுக்கு எனக்கு என்ன.

நீங்க டவுனுல பொறந்த பிள்ளை, ஊராட்சியில வீடு எப்படிக் குடுப்பாவன்னு தெரிஞ்சிருக்காது. மேல இருந்து, இந்த வருஷம் உங்க ஊருக்கு இத்தனை வீடுன்னு வரும். அது யாருக்குன்னு ஊருதான் சொல்லணும். கிராமசபையில லிஸ்ட்டை வாசிப்பாவ. யாரும் எந்திரிச்சுக் கேக்கலாம். ஏம்பேரு ஏன் இல்லன்னு கேக்கலாம், அவனுக்குத்தான் ரெண்டு மாடி இருக்கேன்னு கேக்கலாம். சண்டை நடக்கும், மண்ணை வாரித் தூத்துவாவ, ஆனா முடிவு அங்கனயே முடியும். யாரைக் கேக்கணுமோ அவன் நம்ம கண்ணு முன்னால நாற்காலியில உக்காந்திருப்பான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், காந்தி செயந்திக்கு நடந்த கிராமசபை. அந்த வருஷம் எங்க ஊருக்கு நாலு வீடு. லிஸ்ட்டுல மொத மூணு பேரையும் யாரும் ஒண்ணும் சொல்லல. நாலாவது பேரு வள்ளிமயில். அஞ்சாவது நான்.

நான் எந்திரிச்சேன். மெம்பர்ங்கதுக்காக எந்திரிக்கலை, நாயத்துக்காக எந்திரிச்சேன். அந்தத் திட்டத்துல பணத்தை மொத்தமாக் கையில குடுக்க மாட்டாவ. மொதல்ல நாமளே அஸ்திவாரம் போடணும், அவுக வந்து போட்டோ பிடிச்ச பெறவு கொஞ்சம் வரும். நிலை மட்டம் எழும்பினா கொஞ்சம் வரும். பாதியில நின்னுட்டா வந்ததும் போச்சு, அடுத்த வருஷம் ஊருக்கு வரவேண்டிய வீட்டுலயும் குறைச்சிருவாவ. அதைத்தான் நான் சொன்னேன்.

"அவ தனிப் பொம்பளை, காலும் சரியில்ல. கட்டி முடிக்க மாட்டா. எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு, மகன் இருக்கான். நாலாவதா என்னைப் போடுங்க, அடுத்த வருஷம் மொத பேரா அவளைப் போடலாம்."

இதுல என்ன தப்பு? ஊருக்காகச் சொன்னது. எல்லாரும் தலையை ஆட்டினாவ. தலைவர் செண்பகராமன், மெம்பர் சொல்லுதது வாஸ்தவந்தான்னாரு. வள்ளிமயிலு, உனக்குச் சம்மதமான்னு கேட்டாவ. கடைசி வரிசையில உக்காந்திருந்தா. அவ கம்பைத் தேடி ஊனி எந்திரிக்கதுக்குள்ள கிளார்க்கு பரமசிவம் எழுதி முடிச்சு அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டாரு. எந்திரிச்சவ கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. பெறவு உக்காந்துட்டா. சம்மதமில்லன்னா சொல்லிருக்கலாம்லா? வாய் இருக்குலா?

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரரு, அவ எந்திரிச்சு நின்னதை நீ பாத்தியான்னு கேட்டாரு. பாத்தேன்னேன். அதோட விட்டுட்டாரு. அவரு அதிகம் பேசுத ஆளு கிடையாது.

இந்தா, நீங்க உக்காந்திருக்கீயளே, இந்த வீடுதான் அது. பத்து மாசத்துல முடிச்சோம். நானே சித்தாளா நின்னேன், கொத்தனாரைத் தவிர வெளியாளு கிடையாது. பால் காய்ச்சினப்போ ஊரே வந்துது. வள்ளிமயில் வரலை. கால் வலிச்சிருக்கும். அதுக்குப் பெறவு என்னை மைனின்னு கூப்பிடுததை விட்டுட்டா. மெம்பரம்மான்னுதான் கூப்பிட்டா. நல்லதுதான், பதவிக்கு மரியாதை குடுக்கணும்லா.

நாங்க வெள்ளையடிச்சுக்கிட்டிருந்த சமயத்துலதான் இந்த நகராட்சிச் சங்கதி வந்துது. அதுக்கு முன்னாலயே மாவட்டத்தைப் பிரிச்சாச்சு. கலெக்டர் ஆபீஸு முன்ன ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும், இப்ப ஒரே பஸ்ஸு. சந்தோஷந்தான். பெறவு டவுனைப் பெருசாக்கணும்னு சுத்தி உள்ள பதினோரு ஊரைச் சேக்கப் போறோம்னாவ. நிர்வாகத்தை மக்கள் பக்கத்துல கொண்டு வாறோம்னு மைக்கு வச்சுச் சொன்னாவ. வெளியூர்ல இருந்தது பக்கத்துல வந்துது, நெசந்தான். எங்க ஊருக்குள்ள இருந்தது எந்திரிச்சு டவுனுக்குப் போயிட்டு, அதை மட்டும் யாரும் மைக்குல சொல்லல.

சம்மதம்னு தீர்மானம் வேணும்னு தலைவர் நோட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தாரு. தெனமும் குடிதண்ணி வரும், தெருவுக்குத் தெரு லைட்டு வரும், காலி மனை விலை ஏறும்னாரு. ஒன்பது மெம்பருல ஏழு பேரு ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தாவ. நானும் போட்டேன். எட்டாவது கையெழுத்து. நான் போடாட்டா நின்னிருக்குமா? ஏழு இருந்தா போதும் அவுகளுக்கு. வீட்டு லிஸ்ட்டு என்ன ஆகும்னு கேட்டியான்னு கேக்கீயளோ? அன்னைக்குச் சுண்ணாம்புக் கையோட நிக்கேன், ஏகப்பட்ட சோலி. யாருக்குத் தோணும்?

செப்டம்பர் மாசம் உத்தரவு வந்துட்டு. அக்டோபர் ரெண்டாம் தேதி கிராமசபை நடக்கணும். அதுலதான் வள்ளிமயிலை மொத பேரா வாசிக்கணும். நடக்கலை. கிராமமே இல்லையே, சபை எங்க இருந்து வரும்? ஊராட்சி ஆபீஸு போர்டைக் கழட்டி ஆட்டோவுல ஏத்திட்டுப் போனாவ. கட்டடத்தைப் பூட்டினாவ. நூறு நாள் வேலை நின்னு போச்சு, அது கிராமத்துக்குத்தானாம். வீட்டு வரி ஏறிட்டு. குடிதண்ணி முன்ன ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்துக்கிட்டிருந்தது, இப்ப நாலு நாளைக்கு ஒருக்க. இதெல்லாம் உங்களைக் குத்தஞ்சொல்லணும்னு சொல்லல தாயி. நீங்க நேத்து வேலைக்குச் சேந்த பிள்ளை.

அந்தக் கார்த்திகையில அடை மழை. வள்ளிமயில் வீடு மண்ணு செவரு, மேல ஓலை, அதுக்கு மேல தார்ப்பாய். ஒருநாள் மத்தியானம் அவ பீடிக்கடைக்குப் போயிருந்தா. மேற்கால செவரு உள்பக்கமா அப்படியே படுத்துட்டு. அவ பாய் கெடக்குத எடத்துல ஒரு ஆள் உயரத்துக்கு மண்ணு. கடையில அன்னைக்கு வரிசை அதிகம்னு அவ தாமசமானா, அதனால பொழைச்சா. நான் ஓடிப்போய், எங்க வீட்டுக்கு வா, முன் ரூம்புல இருந்துக்கோன்னேன். வேண்டாம் மெம்பரம்மான்னா. எத்தனை தடவை சொல்லுததுக்கு? நானும் ஒரு மனுஷிதானே. பானையையும் பீடி முறத்தையும் எடுத்துக்கிட்டு, பூட்டிக் கெடந்த ஊராட்சி ஆபீஸு வராண்டாவுல போய் உக்காந்துட்டா. எங்க வீட்டுக்காரரு ரெண்டு குடம் தண்ணி தெனமும் கொண்டு வச்சாரு. நான் சொல்லல, அவரா வச்சாரு.

சரி, லிஸ்ட்டு இருக்குலா, மொத பேரு அவதானேன்னு மனுவைத் தூக்கிக்கிட்டு நான்தான் அலைஞ்சேன். என் காசுல பஸ்ஸு. மொதல்ல யூனியன் ஆபீஸு. உங்க ஊரு இப்ப எங்க கணக்குலயே இல்லம்மான்னாவ. பெறவு உங்க நகராட்சி. அங்கன இருந்த இஞ்சினியரு நல்ல மனுஷன், பொறுமையாத்தான் சொன்னாரு. இது டவுன் திட்டம், அந்த லிஸ்ட்டு இதுக்குச் செல்லாது, புதுசா எழுதிக் குடுக்கணும், மனைக்குச் சொந்தப் பேருல பட்டா வேணும், அனுமதி வாங்கின பிளான் வேணும்னாரு. வள்ளிமயில் இருக்க மனை நத்தம், ஊருக் குடியிருப்பு எடம். அவ மாமனாரு பேருல கெடக்கு. அந்த மனுஷன் செத்து முப்பது வருஷம் ஆச்சு. வாரிசு யாருன்னு பாத்தா கேரளாவுல இருக்கானே, அவன். அவன் வந்து கையெழுத்துப் போடணுமாம். கட்டினவளை வேண்டாம்னு போனவன் கையெழுத்து இருந்தாத்தான் இவளுக்கு வீடு. இதை எந்த ஊரு கிராமசபையிலயாவது சொல்லிட்டு ஒருத்தன் வீடு போய்ச் சேந்துருவானா?

கலெக்டர் ஆபீஸுலயும் குடுத்தேன். பழைய பைலெல்லாம் பழைய மாவட்டத்துல இருக்கு, வரவழைக்கணும்னாவ. மூணு ஆபீஸுலயும் ஒருத்தரும் என்னை வையலை. உக்காரச் சொன்னாவ, ஒரு எடத்துல டீ கூட குடுத்தாவ. ஆனா அந்த லிஸ்ட்டு மட்டும் யாருகிட்டயும் இல்ல.

தை மாசம் பொங்கல் கழிஞ்ச மறுவாரம், நகராட்சி ஆளுக நாலு பேரு வந்தாவ. ஊராட்சிக் கட்டடத்தைக் குப்பை வண்டி சாமான் போடுததுக்கு எடுக்கப் போறோம், வராண்டாவைக் காலி பண்ணுன்னாவ. அவ பானை, பாய், முறம் எல்லாத்தையும் ரோட்டு ஓரத்துல வச்சிட்டுக் கம்பிக் கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாவ. நான் விவரம் தெரிஞ்சு போறேன். இவ ரோட்டு ஓரத்துல, வெயில்ல, முறத்தை மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டிருக்கா. அழலை, யாரையும் வையலை. பஸ்ஸு போகுது, புழுதி பறக்குது, புகையிலைத் தூளுல புழுதி விழாம முந்தானையை வச்சு மூடிக்கிட்டுச் சுத்துதா.

எனக்கு வந்துது பாருங்க கோவம். யாரு மேலன்னு கேக்காதீய. வந்துது.

ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னேன். இருபத்தாறாம் தேதி கிராமசபை, வந்து சேருங்கன்னேன். குடியரசு தினத்துக்கு எப்பவும் நடக்கதுதானே. கிளார்க்கு பரமசிவம் பயந்துபோனாரு. அவரை இப்ப டவுன் வார்டுல போட்டிருக்கு. மெம்பரம்மா, கிராமமே இல்ல, கிராமசபை கூட்டினா சட்ட விரோதம்னாரு.

"கிராமம் இல்லன்னா நான் எங்க நிக்கேன்?" அப்படின்னு கேட்டேன்.

பள்ளிக்கூடத்து முன்னால கூடினோம். தலைவர் வரலை. அவருக்கு டவுன் கவுன்சிலரு ஆகணும்னு ஆசை, பாவம். அறுவது பேருக்கு மேல வந்திருந்தாவ. பரமசிவமும் வந்தாரு. வேடிக்கை பாக்கத்தான் வந்தேன், பேனா கூட கொண்டு வரலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு ஓரமா நின்னாரு. என் மகன் படிச்சப்போ மிஞ்சின நோட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். நான்தான் எழுதினேன். பழைய தீர்மானத்துல அடுத்த வருஷ மொத பேரு வள்ளிமயில்னு இருக்கு, அது எல்லாருக்கும் தெரியும், அரசாங்கம் குடுக்காட்டா ஊரு குடுக்கணும்னேன். சம்மதம்னு அம்புட்டுப் பேரும் கை தூக்கினாவ.

வள்ளிமயில், உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். அவ அன்னைக்கும் கடைசியிலதான் உக்காந்திருந்தா. பேனாவை மூடிக் கீழ வச்சிட்டேன். அவ கம்பை எடுத்து, ஊனி, ஒரு கையைச் செவத்துல வச்சு, மெள்ள எந்திரிச்சா. எம்புட்டு நேரம் ஆச்சுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன்.

"கட்டுங்க. ஆனா இரக்கப்பட்டுக் கட்டுததா இருந்தா வேண்டாம். நாலாவது பேரு என் பேரு. அது எனக்கு வரவேண்டியது. வரவேண்டியதைக் குடுக்கதா இருந்தா கட்டுங்க."

அப்படியே எழுதினேன். ஒரு எழுத்து மாத்தலை. அந்த நோட்டு உள்ள இருக்கு, வேணும்னா பாருங்க, ஆனா கொண்டுபோகத் தர மாட்டேன்.

மறுநாளே ஆரம்பிச்சிட்டோம். நூறு நாள் வேலையில எத்தனை குளம் வெட்டியிருப்போம், எத்தனை வரப்பு கட்டியிருப்போம். எங்களுக்கு ஒரு அஸ்திவாரம் பெருசா? ரெண்டே நாளு. பொம்பளைகதான் இருபது பேரு. கொத்தனாரு மிக்கேல், பக்கத்து ஊருக்காரரு, என் வீடு கட்டினவரு. கூலி வேண்டாம், மத்தியானச் சாப்பாடு போதும்னாரு. யாரு வீட்டுல செங்கல்லு மிச்சம் கெடக்கோ அதை எடுத்தோம். ஒரு வீட்டுல நாப்பது, ஒரு வீட்டுல எரநூறு. மூணு விதக் கல்லு, மூணு நிறம், பூசுத வரைக்கும் செவரு சேலைக்கரை மாதிரி இருந்துது. பீடிக்கடைக்காரரு பத்து மூட்டை சிமிண்டு இறக்கினாரு. அவரு ஒருநாளும் யாருக்கும் ஒரு தூளு கூட்டிக் குடுத்தது கிடையாது.

நான் கம்பி குடுத்தேன். மகன் கலியாணத்துக்கு மாடியில ஒரு ரூம்பு எடுக்கணும்னு வாங்கி வச்சிருந்த கம்பி. மேல் காங்கிரீட்டுக்கு அம்புட்டையும் குடுத்தேன். பரிகாரம், பாவம் அப்படியெல்லாம் நினைச்சிராதீய. துருப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்துது, அதான். மகன் ஒரு மாசம் என்கூடப் பேசலை. எங்க வீட்டுக்காரரு கம்பியைத் தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாரு. அன்னைக்குச் சாயங்காலம் எனக்குப் பூ வாங்கிட்டு வந்தாரு. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. பூ வாங்குத ஆளு இல்ல அவரு.

செவரு எழும்பிட்டு. நிலைக்கும் ஜன்னலுக்கும் வழியில்ல. மரம் விக்கித விலை உங்களுக்கே தெரியும். அப்பத்தான் ஊராட்சி ஆபீஸு ஞாபகம் வந்துது. தேக்குக் கதவு, ரெண்டு ஜன்னல். அந்தக் கட்டடம் கட்டினப்போ கல்லு மண்ணு சுமந்ததுல இந்த ஊருப் பொம்பளைக அத்தனை பேரும் உண்டு. குப்பை வண்டிச் சாமானுக்குத் தேக்குக் கதவு எதுக்கு? பட்டப்பகல்ல, பதினோரு மணிக்கு, நாப்பது பேரு போனோம். கம்பிக் கதவுச் சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிட்டே ஒருத்தரு என் கையில சாவியை வச்சாரு. யாருன்னு எழுதாதீய, அவருக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸு இருக்கு. கழட்டினது நான். முதல் திருகாணியில இருந்து கடைசித் திருகாணி வரைக்கும் நான்தான். அதை எழுதுங்க. களவாண்டவ கதவை நடுத்தெருவுல தூக்கிக்கிட்டுப் போவாளா? கழட்டின எடத்துல பலகை அடிச்சு அடைச்சிட்டுத்தான் வந்தோம்.

பங்குனியில குடிபோனா. அடுத்த வாரம் நோட்டீஸு. பதினஞ்சு நாளுல நீங்களா இடிக்கணும், இல்லாட்டா நாங்க இடிப்போம்னு. ஊருல பதில் எழுதினோம். ஒரே காகிதத்துல அறுவத்தி மூணு கையெழுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்குப் பக்கத்துலயும் நான்தான் கட்டினேன்னு. மிக்கேலும் போட்டாரு, பீடிக்கடைக்காரரும் போட்டாரு. இதுக்கு நடுவுல என்ன நடந்துது தெரியுமா? உங்க ஆபீஸுலயே இன்னொரு மேசையில இருந்து ஒருத்தரு டேப்பு கொண்டு வந்தாரு. அளந்தாரு. வீட்டுக்கு நம்பரு போட்டாரு. வரி இவ்வளவுன்னாரு. வள்ளிமயில் அன்னைக்கே பீடிக்காசுல கட்டி ரசீது வாங்கிட்டா. அவ பேருல ரசீது. கட்டின வீடே இல்லன்னா எதுக்கு வரி வாங்கினீய? வரி வாங்கின வீட்டை எந்தக் கையால இடிப்பீய? நீங்க பதில் சொல்ல வேண்டாம் தாயி. உங்க மேசைக்காரரு சொல்லட்டும்.

முகத்தைத் தொடைங்க, வேர்த்து ஊத்துது. தண்ணி குடிங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு. வாசலு. இங்க ஊருல எல்லா வீட்டு வாசலும் தெருவைப் பாத்து இருக்கும். மிக்கேலும் தெருப்பக்கம், கெழக்காலதான் நிலைக்கு எடம் விட்டு நூலு பிடிச்சாரு. அப்படி வச்சா அவ வாசலும் என் வாசலும் நேருக்கு நேர் வரும். பேச, கொள்ள, ஒரு அவசரத்துக்குக் கூப்பிட வசதிதானே. வள்ளிமயில் கம்பை ஊனிக்கிட்டு வந்து பாத்தா. வாசலை மேற்க வைங்கன்னா. மிக்கேலுக்கு ஒண்ணும் புரியலை. மேற்க முள்ளுக்காடுதானேம்மா, யாரு வருவா அந்தப் பக்கம்னாரு. நான் அங்கனதான் சாந்துச் சட்டியோட நிக்கேன்.

"முள்ளை வெட்டிக்கிடுவேன். தெனமும் எதுல முழிக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கிடுதேன்."

காத்துக்காகச் சொல்லிருப்பா. மேற்க இருந்து காத்து நல்லா வரும், அவ கூரை வீட்டுல வெந்து கெடந்தவ. மிக்கேல் என் முகத்தைப் பாத்தாரு. அவ வீடு, அவ சொல்லுத எடத்துல வைங்கன்னேன். அந்த முள்ளை வெட்டுனது நான்தான். மூணு நாளு ஆச்சு. கையைப் பாருங்க, இன்னும் தழும்பு போகலை. அவ ஒரு வாய் தண்ணி கூட கேக்கலை, வேண்டாம்னும் சொல்லல. முறத்தோட உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா.

சரி, எங்க கையெழுத்துப் போடணும்? இங்கனயா? கைநாட்டு இல்ல தாயி, நான் எட்டாவது படிச்சவ. ... இந்தா. உங்க அதிகாரிகிட்டச் சொல்லுங்க. இடிக்கணும்னா தேதி குறிச்சுச் சொல்லி அனுப்பட்டும். ஒளிஞ்சு மறைஞ்சு வர வேண்டாம். அறுவத்தி மூணு பேரும் இங்கனதான் இருப்போம், மிசினு முன்னால. நான் மொத ஆளா நிப்பேன். கேஸு போட்டாலும் நிப்பேன். செயிலுக்குப் போனா அங்கனயும் பீடி சுத்துவேன், எனக்கென்ன.

அவளையும் விசாரிக்கணும்கீயளா? விசாரிங்க. நான் கூட வரலை. நான் நின்னா அவ பேச மாட்டா. என்னைப் பத்தி என்ன சொன்னாலும் எழுதிக்கிடுங்க, ஒரு எழுத்துக் குறைக்காதீய. அதை எனக்கு வாசிச்சுக் காட்டவும் வேண்டாம்.

அப்படிப் போகாதீய தாயி. அந்தப் பக்கம் வெறும் செவருதான். சுத்திப் போங்க, முள்ளு வெட்டின தடம் இருக்கு.